குறைய விடாத அக்கா

அந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் டம்ளரின் விளிம்பு வரைக்கும் ததும்பத்தான் வரும். வாங்கும்போதே விரல் நனையும், குடிக்கத் தொடங்கினால் துப்பட்டா நனையும். "அரை டம்ளர் போதும்க்கா" என்று மூன்று வருடம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதின சங்கு. "கொறையா குடுத்தா வந்தவங்கள வெரட்டுற மாதிரி கீது சிஸ்டர்" என்பார் அக்கா. நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். அவர் ஊற்றியதை எல்லாம் குடித்துவிட்டு அடுத்த நோயாளி வீட்டுக்குப் போனதும் பாத்ரூம் எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கும். எரிச்சலாக வரும். ஆனாலும் குடித்துவிடுவேன்.

அப்போது எனக்கு வானகரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் மூன்றும் என் தலையில். காலை ஆறரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால், லாரிப் புகையை ஒரு வயிறு குடித்த பிறகுதான் முதல் வீட்டுப் படியேறுவேன். சிறுநீரகம் கெட்டவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுப்பார்கள். சிலர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வார்கள். அவர்கள் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். பையில் வருகிற இரண்டு லிட்டர் திரவத்தை அதன் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து உடம்பின் அழுக்கோடு வெளியே எடுத்துவிட்டு, அடுத்த பையை மாட்ட வேண்டும். தினமும். பண்டிகை, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. இவர்கள்தான் என் ஆட்கள்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் டர்னர், லேத் மெஷினில் இரும்பு கடைகிற வேலை. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்ததில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதனால் சிறுநீரும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லியிருந்தார்: அந்த மிச்சம் இருக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கு மூன்று பை போதும், விடியலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. மிச்சம் குறைந்தால் மத்தியானம் நாலாவது பை. மூன்று பை என்றால் அண்ணன் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கம்பெனிக்குப் போகலாம். லேத்தில் நிற்க முடியாததால், முடிந்த சாமான்களை அளந்து பார்க்கிற மேசையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். நாலு பை என்றால் வீடே கதி.

பை மாட்டுவது அண்ணன் இல்லை, அக்கா. அதைக் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது அவரைப் போல ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை. ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து, முகத்தில் மாஸ்க், முழங்கை வரை சோப்பு. ஒன்றையும் விடமாட்டார். மூன்று வருடத்தில் அந்தக் குழாயில் ஒரு தடவை கூடத் தொற்று வந்ததில்லை. என் ஏரியாவில் படித்தவர்கள் வீட்டில் எல்லாம் வந்திருக்கிறது. பயிற்சியின் கடைசி நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னும் ஒரு கால் லிட்டரு சேத்து வுட்டா இன்னா சிஸ்டர் ஆவும்? வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும்ல."

"மூச்சு முட்டும்க்கா. அவர் வயிறா, பானையா?" என்றேன். சிரித்துக்கொண்டார். ஆனால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று பிறகு புரிந்தது.

அக்காவால் எதையும் பாதியில் பார்க்க முடியாது. உப்பு ஜாடி தோள் வரைக்கும் இறங்கினாலே புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிடுவார். அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார், "நெறைஞ்சிருக்கு, வாங்கியாரணும்" என்பார். நிறையப் பேர் வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கம் உண்டுதான். அக்கா அதை ஆஸ்பத்திரி நோட்டிலும் கொண்டுவந்தார். பை எத்தனை மணிக்கு, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். ஒரு வேளை சிறுநீரே போகவில்லை என்றால் சைபர் போட வேண்டும். அக்கா சைபர் போட மாட்டார். கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். "எழுத மறந்துட்டீங்களா?" என்றால், "அதெல்லாம் எழுதக் கூடாது சிஸ்டர், அப்பறம் அதுவே நெலைச்சிடும்" என்பார். நான் தலையில் அடித்துக்கொண்டு நானே சைபர் போடுவேன்.

அண்ணனுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். இந்த அக்காவிடம் அதைச் சொல்வதற்கே எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த மாதம் போனபோது அண்ணன் கையில் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அளவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். பூந்தமல்லியில் பாத்திரக் கடை கடையாக ஏறித் தேடினாராம். "டாக்டரு சொன்ன அளவுதான் சிஸ்டர், ஒரு சொட்டு ஏறல. ஆனா ரொப்பித்தானே குடுக்குறேன்" என்றார். அண்ணன் அதை இரண்டு விரலால் பிடித்து, பெரிய டம்ளரில் குடிப்பவர் மாதிரியே அண்ணாந்து குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அண்ணனின் சிறுநீரை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைக்க வேண்டும். விடிந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் விடிகிற வரைக்கும் போவதை எல்லாம் ஒரு வெள்ளைக் கேனில் சேர்க்க வேண்டும். மறுநாள் நான் போய் ரத்தமும் எடுத்துக்கொண்டு, கேனையும் அளந்து வாங்கி வருவேன். ரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா என்கிற அழுக்குகளும் பொட்டாசியமும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கேனில் எவ்வளவு அழுக்கு வந்தது, ரத்தத்தில் எவ்வளவு தங்கியது என்று இரண்டையும் வைத்துத்தான் மிச்சம் எத்தனை என்று டாக்டர் கணக்குப் போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் திருநின்றவூர் ஏரி நிறைந்து அங்கே அவர்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டி போகாது என்று போனில் சொன்னேன். இன்னொரு நாள் வந்து ரத்தம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. அண்ணனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் நடந்து ஸ்டேஷன் ரோடுக்கு வந்துவிட்டார். டீக்கடை வாசலில் நின்ற ஒரு ஆள், "இன்னாக்கா, எண்ணெயா?" என்று கேட்டான். அக்கா முகம் மாறாமல், "ஆமா நைனா, நல்லெண்ணெய்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கீழே விழுந்தது. அந்த வேலையில் நான் வாய்விட்டுச் சிரித்த நாட்கள் கொஞ்சம்தான்.

அண்ணனுக்குக் கேனில் எத்தனை மில்லி சேர்ந்தது என்பதுதான் பெருமை. நான் உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். "எழுநூறு சிஸ்டரு" என்பார். தன் வயதுக்காரன் எவனுக்கும் இப்படிப் போகாது என்கிற மாதிரி ஒரு பார்வை. எழுநூறு ஐந்நூறானது. ஐந்நூறு முந்நூற்றைம்பது ஆனது. அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று அக்கா போனில் சொன்னார். இந்த நோயில் என்றைக்காவது ஒரு நாள் அது குறையத்தான் செய்யும், யார் மேலும் தப்பில்லை என்று நான் பாடம் ஒப்பித்தேன். எத்தனையோ வீட்டில் ஒப்பித்த பாடம். ஒருவரும் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்ததில்லை.

அடுத்த தடவை கேனில் ஐந்நூறு இருந்தது.

எனக்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் ஆவடியில் ஒரு அம்மாளுக்குக் குழாயில் சீழ், பட்டாபிராமில் ஒருத்தர் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டார், அது தெரியாமல் நான் கதவைத் தட்டியிருந்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு நல்ல சேதி கிடைத்தால் யார் கிளறுவார்கள்? அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். ஐந்நூறு என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேன் மூடியில் எறும்பு ஊர்ந்ததையும் பார்த்தேன். எங்கள் தொழிலில் எறும்பு அதிசயம் இல்லை. பையில் இருக்கிற திரவத்தில் சர்க்கரை உண்டு, ஒரு சொட்டு சிந்தினாலும் படையெடுத்து வரும். எங்கேயோ சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

அதற்கடுத்த தடவை ஐந்நூற்றைம்பது. கணக்குப்படி அண்ணனின் சிறுநீரகம் தேறிக்கொண்டிருந்தது. ஆனால் ரத்தம் வேறு கதை சொன்னது. கிரியேட்டினின் ஏறியிருந்தது, பொட்டாசியம் விளிம்பில் நின்றது. டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சிறுநீரகம் நல்லா வேலை செஞ்சா ரத்தத்துல இறங்கணும். இங்க ரெண்டும் ஏறுது. கேன் சரியா பிடிக்கிறாங்களான்னு நின்னு பார்த்துட்டு வாங்க. இந்த ஐந்நூறை நம்பித்தான் அவரை மூணு பையில வெச்சிருக்கேன்." அவர் குரலை உயர்த்தவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி கேன் பிடிக்கச் சொல்லி, அதற்கு மறுநாள் காலையில் போனேன். அண்ணன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயிற்றிலிருந்து திரவம் கீழே இருந்த பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் அவர் எழுந்திருக்க முடியாது. ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி, அறை வெந்துகொண்டிருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. "ரெண்டு வாரமா ஷூ ஏறல, செருப்புதான்" என்றார் மாஸ்குக்குள்ளிருந்து. எறும்பு ஞாபகம் வந்து, அவர் விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தேன். சரியான அளவில்தான் இருந்தது.

பாத்ரூமுக்குப் போனேன். கேனில் ஐந்நூற்றிருபது. மூடியைச் சுற்றி எறும்பு, கைப்பிடியில் எறும்பு. பையில் இருந்த பரிசோதனைப் பட்டை ஒன்றை எடுத்து உள்ளே நனைத்தேன். சர்க்கரையைக் காட்டுகிற கட்டம், நீலமாக இருக்க வேண்டியது, கரும்பழுப்பானது. இவ்வளவு சர்க்கரை அந்த மனிதரிடமிருந்து வர வாய்ப்பே இல்லை. நோட்டில் பைகளின் அளவு சரியாக இருந்ததால் அந்தத் திரவமும் இதில் கலந்திருக்காது.

சமையலறையில் அக்கா எனக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு சுகர் இருக்கா?"

"எனக்கின்னா? கல்லு மாதிரி கீறேன். ஆஸ்பத்திரி வாசலக் கூட எனக்குன்னு மிதிச்சதில்ல."

பட்டையைக் காட்டினேன். "இந்தக் கேன்ல அண்ணனோடது மட்டும் இல்ல. யாருது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அக்காவுக்குக் கிடையாது. டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார், ஈரமே இல்லாத கையை. "கொஞ்சந்தான் சிஸ்டர். அவருது எரநூறுகூட வர்ல. அதப் பாத்தா மனுசன் படுத்துக்குவாரு. மேல கொஞ்சம் நான் ரொப்பி வெச்சேன். அவரு ட்ரெயின் ஏறிப் போறாரு. யாருக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு வந்த கோபத்தில் ஹாலில் அண்ணன் இருப்பது மறந்துபோனது. "யாருக்கு நஷ்டமா? அவர் கால் வீங்கியிருக்கு பாத்தீங்களா? ரத்தத்துல விஷம் ஏறிக்கிட்டு இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடியே நாலாவது பை போட்டிருக்கணும். பொட்டாசியம் இன்னும் கொஞ்சம் ஏறினா இதயம் நின்னுடும். டாக்டரையும் ஏமாத்தி, என்னையும் ஏமாத்தி..." ஏமாந்ததில் என் பங்கும் இருந்தது. முதல் எறும்பைப் பார்த்த அன்றைக்கே நான் இந்தப் பட்டையை நனைத்திருக்கலாம். அண்ணன் போய் இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அவர் போனது வேறு காரணத்தால், இந்த இரண்டு மாதத்தால் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பாத நாட்களும் உண்டு.

அக்கா அழவில்லை. "நான் அவருக்கு வெச்சது வெசமா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டரு, அவள வெய்யாத." ஹாலிலிருந்து அண்ணன் குரல். "எனக்குத் தெரியும்."

நானும் அக்காவும் சமையலறை வாசலுக்கு வந்தோம். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார், குழாய் வயிற்றில், மாஸ்க் முகத்தில்.

"மொத தடவலேர்ந்தே தெரியும். எனக்குப் போனது எவ்ளோன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் அளவு பாத்தவன் நான். கேன்ல ஐந்நூறுன்னு நீ சொன்னப்பவே புரிஞ்சிடிச்சி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?" என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"நீ அன்னிக்கு சிரிச்சிகினே டிபன் கட்டுன. எத்தினி மாசம் கழிச்சு. நான் பைய தூக்கிகினு கெளம்புனா, நான் நல்லா கீறேன்னு உனக்கு நெனப்பு. அத ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். போற வழியில ஆவடிலயே எறங்கி பெஞ்சில உக்காந்து மூச்சு வாங்கிட்டு அடுத்த வண்டில போவேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அண்ணனுக்காக அக்கா ஊற்ற, அக்காவுக்காக அண்ணன் செருப்பை இழுத்துக்கொண்டு ரயிலேற, நடுவில் நான் நம்பரை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். மூன்று பேரில் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். அவ்வளவு களைப்பு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"நாலாவது பை போட சொல்லிடு சிஸ்டரு" என்றார் அண்ணன். "கம்பெனில நான் பேசிக்கிறேன். அது கெடக்கட்டும். இப்ப நீ இன்னாமோ சுகருன்னு சொன்னியே. அது அவளுதா?"

"அப்படித்தான் தெரியுதுண்ணா."

"கவனிக்காம வுட்டா?"

நான் அக்காவைப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பொய்க்கு இடமில்லை. "வருஷக்கணக்குல கவனிக்காம விட்டா, அதுவும் சிறுநீரகத்ததான் பிடிக்கும்" என்றேன்.

"அப்ப அவளுக்கு மொதல்ல ரத்தம் எடு. எனக்கு அப்பறம்."

அக்கா பின்னால் நகர்ந்தார். "எனக்கெதுக்கு? உனக்குன்னு கொண்டாந்த ஊசி அது. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் கீறேன். அப்பறமா ஒரு நாளு பாத்துக்கலாம் சிஸ்டர்."

என் பையில் இன்னொரு ஊசி இருந்தது. எடுத்தேன். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வர முடியாது. குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மட்டும் அக்கா பக்கம் நீட்டினார். அது எட்டவில்லை.

"இந்தாமே, இங்க பாரு" என்றார். "எனக்குப் பை மாட்ட நீ கீற. உனக்கு மாட்ட யாரு கீறா?"

அக்கா வந்து தரையில் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் முந்தானையை விலக்கி, என் முன்னால் கையை நீட்டினார்.